பதின்பருவப் பிள்ளைகளுக்கு எந்த நாவலைக் கொடுப்பது?

16 வயது மகனுக்கும் 14 வயது மகளுக்கும் அண்மைக் காலத்தில் வெளிவந்த நல்ல இளையோர் நாவல்களைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் என்றும், மகள் கையில் கிடைத்ததையெல்லாம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்பவள் என்றும், மகனோ 12 வயதுவரை விடாமல் வாசித்தவன், இப்போது புத்தகத்தைத் தொடுவதேயில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விருது பெற்ற நூல்களின் பட்டியல் ஒன்றை எடுத்து மேலிருந்து வரிசையாக வாங்கிக் கொடுத்துப் பார்த்ததாகவும், அவை அலமாரியிலேயே இருப்பதாகவும் சொல்கிறீர்கள். நூலகம் ஒன்றில் இளையோர் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் இருந்த நூல்கள் மோசமானவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாவலின் குரல் வாசிப்பவருக்கு எவ்வளவு அருகில் இருந்து பேசுகிறது என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. இந்த வயதில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கதைமாந்தர் பதின்வயதில் இருந்துவிட்டால் அது இளையோர் நாவல் என்று பலரும் எண்ணுகிறார்கள். நாற்பது வயதில் ஒருவர் தம்முடைய 15-ஆவது வயதை நினைத்து எழுதும் நாவலிலும் நாயகனுக்கு 15 வயதுதான். ஆனால் அங்கே பேசும் குரலில் எல்லாம் கடந்துபோன பிறகு வரும் நிதானம் இருக்கும், அன்று செய்த மடமையை எண்ணிச் சிரித்துக்கொள்ளும் வசதி இருக்கும். நல்ல இளையோர் நாவலில் அந்த வசதி சொல்பவருக்குக் கிடையாது. நடப்பது எங்கே போய் முடியும் என்பது அவருக்கே தெரியாது. அடுத்த வாரம் என்ற ஒன்று வருமா என்ற பதற்றத்தோடுதான் அவர் பேசுகிறார். 1967-இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை இவ்வகையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகப் பலர் குறிப்பிடுவதற்கு இதுவே காரணம். அதை எழுதிய எஸ். இ. ஹின்டன் 15 வயதில் எழுதத் தொடங்கினார். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. தெருச் சண்டைக் குழுக்களில் இருக்கும் பையன்களைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று கருதித்தான் அட்டையில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இடம்பெற்றன. தம் வயதினரின் வாழ்க்கையைத் தாம் வாசித்த எந்த நூலிலும் காணமுடியாத எரிச்சலில் அவர் எழுதியது, பெரியவர் ஒருவர் அன்போடு குனிந்து எழுதியதைவிட அருகில் இருந்து பேசியது.

இதை நானும் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். மார்க்கஸ் ஸூசக்கின் 'தி புக் தீஃப்' (2005) எனக்கு மிகவும் பிடித்த நாவல். நாஜி ஜெர்மனியில் வளரும் ஒரு சிறுமியின் கதையை மரணமே முன்னின்று சொல்கிறது. 13 வயதுப் பையன் ஒருவனிடம் அதைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அவன் வாசித்தது இருபது பக்கம்கூட இருக்காது. கதைசொல்லிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, யார் சாகப்போகிறார் என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறது. எனக்கு அழகாகத் தெரிந்த அந்த முதிர்ச்சி அவனுக்குக் கதவைச் சாத்தியதுபோல் இருந்திருக்கிறது. அந்த நாவல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நூலாகவும் அமெரிக்காவில் இளையோர் நூலாகவும் வெளியானது என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். அட்டையில் ஒட்டப்படும் வகைப்பெயர் பதிப்பகத்தின் வணிக முடிவு என்பதை அன்றிலிருந்து மறப்பதில்லை.

அந்த வணிக முடிவுகளுக்குப் பின்னால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அமெரிக்கச் சந்தையைப் பற்றி பௌக்கர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கென்று குறிக்கப்பட்ட நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்; அவர்களில் பெரும்பாலோர் தாமே வாசிப்பதற்காக வாங்கினார்கள். வாங்குபவர் யாரோ அவருக்கேற்பவே கதைகளும் நகர்ந்தன என்பது என் கணிப்பு. நாயகியரின் வயது 17, 18 என்று மேலே போனது. காதல் காட்சிகள் முதிர்ந்தன. 13 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள் சிறுவர் நூலுக்கும் இதற்கும் நடுவே விடப்பட்டார்கள். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015-இல் இளையோர் நூலாகச் சந்தைக்கு வந்து, 2020-இல் பெரியவர்களுக்கான அட்டையோடு மறுபதிப்புக் கண்டது. பழைய பிரதிகள் சில அலமாரிகளில் இன்னும் இளையோர் பிரிவில் இருக்கின்றன. உங்கள் மகளின் தோழிகள் அதைப் பரிந்துரைப்பார்கள். அது பெரியவர்களின் நூல் என்பதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவெடுங்கள்.

மகனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவனுக்குக் கொடுக்க வேண்டிய நூல் எது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017). வில் என்ற 15 வயதுப் பையனின் அண்ணன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவர்கள் வாழும் இடத்தில் மூன்று விதிகள் உண்டு: அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழி வாங்க வேண்டும். அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வில் மின்தூக்கியில் ஏறுகிறான். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒருவர் உள்ளே வருகிறார். வருகிறவர்கள் அனைவரும் ஏற்கெனவே இறந்துபோனவர்கள். நாவலின் பெரும்பகுதி அந்தச் சிறு பெட்டிக்குள், அந்த ஒரு நிமிடத்துக்குள் நடக்கிறது. புதுக்கவிதை வடிவில் எழுதப்பட்டிருப்பதால் பக்கங்களில் வெள்ளை அதிகம், சொற்கள் குறைவு. வாசிப்பை விட்ட ஒரு பையனுக்குப் பக்கங்கள் வேகமாகப் புரள்வதே முதல் வெற்றி. ஆனால் இதை எளிய நூல் என்று எண்ணிவிட வேண்டாம். சொல்லாமல் விடப்பட்டவற்றை வாசகனே நிரப்ப வேண்டியிருக்கிறது, அதிலும் முடிவு அவன் கையில்தான் விடப்படுகிறது. ஆசிரியரே வாசித்த ஒலிநூல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புத்தகமே வேண்டாம் என்றால் காதொலிப்பானில் அதைக் கொடுங்கள். டானிகா நோவ்கோரொடாஃப் வரைந்த கிராஃபிக் நாவல் வடிவமும் 2020-இல் வந்திருக்கிறது. ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கத்தை அது 2022-இல் பெற்றது.

அவன் அதை முடித்துவிட்டால் அடுத்தது வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' (1999). புதியது இல்லைதான், ஆயினும் அமெரிக்காவில் இளையோர் நூல்களுக்கான பிரிண்ட்ஸ் விருது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது முதன்முதலாக அதைப் பெற்ற நூல் இதுவே. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 16 வயது ஸ்டீவ், தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதிப் பார்க்கிறான், நடுநடுவே நாட்குறிப்பு. காட்சி, கேமரா கோணம், வசனம் என்று போகும் பக்கங்கள் திரைப்படங்களில் ஊறியவனுக்கு அந்நியமாக இருக்காது. ஸ்டீவ் சொல்வது உண்மையா என்பதை ஜூரி உறுப்பினர்களைப்போல நாமும் எடைபோட வேண்டியிருக்கிறது. விளையாட்டில் ஈடுபாடு உள்ளவன் என்றால் குவாமி அலெக்ஸாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' (2014): கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களைப் பற்றியது, இதுவும் கவிதை வடிவம், ஆனால் 16 வயதுக்குச் சற்று இளையது.

கிராஃபிக் நாவல்களைப் பற்றி ஒரு சொல். படம் போட்ட புத்தகம் வாசிப்பு ஆகாது என்று இன்னும் சில பெற்றோர் தயங்குகிறார்கள். ஜீன் லூயன் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' (2006) பிரிண்ட்ஸ் விருது பெற்ற முதல் கிராஃபிக் நாவல். தொடர்பில்லாதவைபோல் ஓடும் மூன்று கதைகள் இறுதியில் ஒன்றாகச் சேரும் விதத்தை உரைநடையில் செய்து காட்டுவது கடினம். 2025-இல் அதே விருதைப் பெற்ற 'பிரவுன்ஸ்டோன்' நூலும் கிராஃபிக் நாவல்தான். சாமுவேல் டீர் எழுத, மார் ஜூலியா வரைந்தது. இதுவரை பார்த்திராத குவாத்தமாலா நாட்டுத் தந்தையோடு ஒரு கோடைக்காலத்தைக் கழிக்க அனுப்பப்படுகிறாள் அல்முதெனா. அவர் பேசும் ஸ்பானிய மொழி அவளுக்குத் தெரியாது. இடிந்துகொண்டிருக்கும் பழைய வீடு ஒன்றை இருவரும் சேர்ந்து பழுதுபார்க்கிறார்கள். மொழி கைகொடுக்காத இடத்தில் சுத்தியலும் பூச்சுக்கரண்டியும் உரையாடல் ஆகின்றன. இதைப் படமாகக் காணும்போதுதான் அதன் நயம் தெரியும். உங்கள் மகளுக்கு முதலில் இதைக் கொடுத்து, அவள் சோபாவில் விட்டுப்போன பிரதியை மகன் தானாக எடுக்கட்டும்.

மகளுக்கு நான் முதன்மையாகச் சொல்லும் நாவல் மானன் ஸ்டெஃபன் ரோஸின் 'தி ப்ளூ புக் ஆஃப் நீபோ'. இது முதலில் வெல்ஷ் மொழியில் எழுதப்பட்டு, 2018-இல் வேல்ஸின் தேசிய ஐஸ்டெத்வட் என்ற கலை இலக்கிய விழாவில் உரைநடைப் பதக்கம் பெற்றது. பிறகு ஆசிரியரே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2023-இல் பிரிட்டனின் கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தபோது, அந்தப் பதக்கத்தின் நீண்ட வரலாற்றில் ஒரு மொழிபெயர்ப்பு நூல் வென்றது அதுவே முதல் முறை. சிறிய மொழி ஒன்றில் பிறந்த ஒரு நாவல், தன் மொழியைக் கைவிடாமலேயே உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி என்பதையும் மறைக்கவில்லை.

மின்சாரம் நின்று, ஊர் காலியாகி, உலகம் அடங்கிப்போன பிறகு, மலைச்சரிவில் ஒரு வீட்டில் தாய் ரொவென்னாவும் 14 வயது மகன் டிலனும் அவனுடைய குட்டித் தங்கையும் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். பேரழிவு நேர்ந்தபோது டிலன் சிறு பையன். அதனால் அவனுக்குத் தெரிந்த உலகம் இதுதான். கண்டெடுத்த நீல நிறக் குறிப்பேடு ஒன்றில் தாயும் மகனும் மாறி மாறி எழுதுகிறார்கள். தாய் இழந்ததை எழுதுகிறாள், மகன் தன் கைகளால் கற்றுக்கொண்டதை எழுதுகிறான். தோட்டம் போடுவது, கூரை வேய்வது, கண்ணி வைப்பது என்று அவன் அடுக்கும்போது அது ஓர் இழப்பின் கதையாகவே தோன்றுவதில்லை. பேரழிவுக் கதைகளில் வழக்கமாக வரும் துரத்தலும் துப்பாக்கியும் இதில் மிகக் குறைவு. சிறிய நூல், இரண்டு மாலைகளில் வாசித்துவிடலாம். தாய் தன்னுடைய பகுதியில் மறைத்து வைப்பது மகனின் பகுதியில் எப்படிக் கசிகிறது என்பதைக் கவனிக்கும் வாசகிக்கு, கதைசொல்லல் என்றால் என்ன என்பதே புதிதாகப் புரியும். நீங்களும் வாசியுங்கள். ஒரே நூலில் பெற்றோரின் குரலும் பிள்ளையின் குரலும் சம உரிமையோடு பேசுவதை நான் வேறெங்கும் இவ்வளவு அமைதியாகக் கண்டதில்லை.

இங்கே விருதுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். கார்னகி பதக்கத்தை நூலகர்கள் தேர்வுசெய்கிறார்கள். அதோடு இளம் வாசகர் குழுக்கள் அதே குறும்பட்டியலை வாசித்துத் தங்கள் விருப்பத்துக்கு வாக்களிக்கும் தனிப் பதக்கமும் இருக்கிறது. 2023-இல் நூலகர்கள் 'நீபோ'வைத் தேர்ந்தெடுத்தபோது, இளம் வாசகர்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: ரூட்டா செப்பெட்டிஸின் 'ஐ மஸ்ட் பிட்ரே யூ' (2022). 1989-இல் சௌசெஸ்குவின் ஆட்சி சரிவதற்குச் சில வாரங்களுக்கு முந்தைய ருமேனியாவில், 17 வயது கிறிஸ்டியனை ரகசியக் காவல்துறை மிரட்டி ஒற்றன் ஆக்குகிறது. வீட்டில் யார் ஒற்றன், பள்ளியில் யார் ஒற்றன், தன்னைப் பற்றி யார் எழுதிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் ஒருவரையும் நம்பமுடியாத நிலை. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களில் முடிகின்றன, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் தொங்குகிறது. பெரியவர்களாகிய நாங்கள் அடக்கமான நூலைப் பாராட்ட, பிள்ளைகள் மூச்சு வாங்கவிடாத நூலைப் பாராட்டினார்கள். இரண்டு தேர்வுகளும் சரியானவைதான். உங்கள் வீட்டில் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு நாவல்தான் வாங்க முடியும் என்றால், நான் பிள்ளைகளின் தேர்வையே வாங்கச் சொல்வேன்.

அமெரிக்க நூலக அமைப்பைச் சேர்ந்த இளையோர் நூலகர் சங்கமும் பதின்வயதினரே முன்மொழிந்து வாக்களிக்கும் 'டீன்ஸ் டாப் டென்' என்ற பட்டியலை வெளியிடுகிறது. பிரிண்ட்ஸ் விருதுப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு நூல் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

மகளின் வயதுக்கு மிக அருகில் நிற்கும் இன்னொரு குரல் எலிசபெத் அசெவெடோவின் 'தி பொயட் எக்ஸ்' (2018). 15 வயது சியொமாரா, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கடுமையான இறைப்பற்றுக் கொண்ட தாயின் கண்காணிப்பில் வளர்கிறாள். பேச முடியாததையெல்லாம் கவிதையாகக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். உடல் வளர்ந்துவிட்ட காரணத்தினாலேயே தெருவில் எதிர்கொள்ள வேண்டியிருப்பவற்றை அவள் சொல்லும் வெளிப்படையான தொனி சில பெற்றோரைச் சங்கடப்படுத்தலாம். 14 வயதுப் பெண்களுக்கு அது சங்கடமாக இல்லை என்பதையே நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது, பிரிண்ட்ஸ், கார்னகி ஆகிய மூன்றையும் பெற்றது. மேடையில் கவிதை நிகழ்த்தியவர் இதன் ஆசிரியர். ஒலிநூலை அவரே வாசித்திருக்கிறார். முடிந்தால் கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள்.

சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்' (2022) மகளுக்கு இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும். கலிஃபோர்னியப் பாலைவனத்தில், கடனில் மூழ்கும் சிறிய விடுதி ஒன்றைக் காப்பாற்றப் போராடும் சலாஹுதீனும், தன்னை வளர்த்த சித்தப்பாவுக்குத் தெரியாமல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நூரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். இடையிடையே சலாஹுதீனின் தாய் லாகூரில் கழித்த இளமைக்காலம் வருகிறது. ஆசிரியரே மோஹாவே பாலைவனத்தில் தம் பெற்றோர் நடத்திய விடுதியில் வளர்ந்தவர் என்பதால், கணக்கு வழக்கும் அறை துடைப்பதும் கதையில் ஒட்டவைத்த விவரங்களாகத் தெரிவதில்லை. குடிப்பழக்கம், போதைப்பொருள், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை எல்லாம் இருக்கின்றன. தேசியப் புத்தக விருதும் 2023-ஆம் ஆண்டின் பிரிண்ட்ஸ் விருதும் பெற்ற நாவல் இது. 16 வயதுக்கு நான் தயங்காமல் கொடுப்பேன்.

துப்பறியும் கதை கேட்டால் பலரும் ஹோலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' (2019) நாவலைச் சொல்வார்கள். பள்ளி ஆய்வுக் கட்டுரை என்ற பெயரில், ஊரே முடிந்துபோனதாகக் கருதிய ஒரு கொலையைப் பிப் என்ற மாணவி மறுபடி கிளறுகிறாள். நேர்காணல் பதிவுகள், வரைபடங்கள், ஆய்வுக் குறிப்புகள் என்று வாசகரும் கூடவே துப்பறியும்படி அமைந்திருக்கிறது. பரிந்துரை சரிதான். ஆனால் முதல் பாகத்தின் சுறுசுறுப்பை நம்பி மூன்றையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்; 2021-இல் வந்த மூன்றாம் பாகம் 'ஆஸ் குட் ஆஸ் டெட்' மிகவும் இருண்டது, நாயகியின் மனம் உடைவதை விரிவாகக் காட்டுவது. அதே விறுவிறுப்போடு, துப்பு துலக்குவதைத் தாண்டியும் நிலைக்கும் நூல் ஏஞ்சலின் பூலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021). ஒஜிப்வே பழங்குடித் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்த 18 வயது டாவ்னிஸ், தன் மக்களிடையே பரவும் போதைப்பொருளின் மூலத்தைக் கண்டறிய அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு (எஃப்.பி.ஐ.) ரகசியமாக உதவுகிறாள். வேதியியலும் பாட்டிமார் சொன்ன மூலிகை அறிவும் அவள் கையில் இரு கருவிகள். யாருக்காக உளவு பார்க்கிறோம், அதன் பயன் உண்மையில் யாருக்குப் போகிறது என்று அவள் கேட்கத் தொடங்கும் இடத்தில் நாவல் தன் வகையைக் கடந்துவிடுகிறது. பாலியல் வன்முறை இடம்பெறுவதால் மகனுக்கு இப்போது, மகளுக்குப் பின்னர். அதே ஊரில் நடக்கும் 'வாரியர் கேர்ள் அன்எர்த்ட்' (2023), அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் எடுத்துவைத்துக்கொண்ட முன்னோரின் எலும்புகளையும் பொருள்களையும் மீட்க ஒரு பெண் இறங்குவதைச் சொல்வது. அதைச் சற்று முன்னதாகவே தொடங்கலாம்.

மாயக் கதைகளில் எனக்கு ஈடுபாடு குறைவு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். லீ பார்டூகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015), தப்ப முடியாத கோட்டைக்குள் நுழையத் திட்டமிடும் ஆறு இளைஞர்களின் கதை. இரண்டே பாகங்களில் முடிந்துவிடுவது அதன் சிறப்புகளுள் ஒன்று. தோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' (2018) மேற்கு ஆப்பிரிக்க யொருபா தொன்மங்களை அடித்தளமாகக் கொண்டது. முத்தொடர் 2024-இல் நிறைவு பெற்றது, முதல் பாகமே மிகச் சிறந்தது. சூசன் காலின்ஸின் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' 2025 மார்ச்சில் வந்தது. 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கதைக்கு 24 ஆண்டுகள் முன்னால், பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அரசு ஒளிபரப்பும் பலிக்களத்துக்கு 16 வயது ஹேமிட்ச் போவதைச் சொல்கிறது. கால வரிசைப்படி அதை முதலில் வாசிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வேண்டாம். அரசு எதைக் காட்டுகிறது, எதை வெட்டி எறிகிறது என்பதுதான் இந்நூலின் உள்ளீடு. பிற்காலத்தில் மக்கள் எதை நம்பினார்கள் என்பதை மூல முத்தொடரில் வாசித்துவிட்டு வந்தவருக்கே அந்த வெட்டு உறைக்கும்.

கனமான பொருள்களைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் மேலே சொன்னவற்றைப் படித்ததும் அந்தத் தயக்கம் வந்திருக்கும். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில், ஒரு விருந்தில் தனக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொல்ல முடியாமல் மெலின்டா ஓராண்டு முழுவதும் ஏறக்குறைய பேச்சையே இழக்கிறாள். ஏஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) நாவலில், நிராயுதபாணியான தன் நண்பனைக் காவலர் சுட்டுக் கொல்வதை 16 வயது ஸ்டார் கண்ணெதிரே காண்கிறாள். இரண்டையும் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கக் கோரிப் பலமுறை முறையீடுகள் எழுந்திருக்கின்றன. நான் பார்த்தவரை, பிள்ளைகள் தங்களால் தாங்க முடியாத பக்கங்களைத் தாங்களே தாவிக் கடந்துவிடுகிறார்கள் அல்லது புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தால் போதும். நான் கவலைப்படுவது இதற்கு நேர்மாறான ஒரு பழக்கத்தைப் பற்றி: பிள்ளைக்கு ஏதேனும் ஒரு துயரம் நேர்ந்தவுடன் அதே துயரத்தைப் பற்றிய நாவலை மருந்துபோல் கையில் திணிப்பது. பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011), தாயின் கொடிய நோயை எதிர்கொள்ளும் 13 வயது கானரைப் பற்றிய அருமையான நாவல். அதன் மூலக்கரு, நூலை எழுதுமுன்பே இறந்துபோன ஷவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. வீட்டில் யாரேனும் நோயுற்றிருக்கும்போது அதைக் கொடுக்காதீர்கள். அலமாரியில் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்; எடுப்பதும் எடுக்காததும் பிள்ளையின் விருப்பம்.

இனி வாங்கும் முறை. ஒரே நேரத்தில் மூன்று நூல்களுக்கு மேல் கொண்டுவர வேண்டாம். முதல் பத்துப் பக்கங்களை வாசித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைத்துவிடலாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாசிப்பைக் கைவிட்ட பிள்ளைகளில் பலர், பாதியில் நிறுத்த அனுமதி கிடைக்காத ஒரு புத்தகத்தோடுதான் நின்றுபோயிருப்பார்கள். முடித்த பிறகு என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். மகனுக்கு முதலில் 'லாங் வே டவுன்', பிறகு 'மான்ஸ்டர்', அதன் பின் 'ஐ மஸ்ட் பிட்ரே யூ'. மகளுக்கு 'பிரவுன்ஸ்டோன்', 'நீபோ', 'தி பொயட் எக்ஸ்' என்ற வரிசை. அவள் வேகத்துக்கு இந்த மூன்றும் இரண்டு வாரம்கூடத் தாங்காது. அப்போது அண்ணன் கையில் இருக்கும் செப்பெட்டிஸ் நாவலுக்காக அவள் காத்திருக்கும்படி ஆகிவிட்டால், அவனும் சீக்கிரம் முடிப்பான்.